குழம்பு ‘அந்த மாதிரி’ என்றால் என்ன பொருள்?

முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள், தங்கச்சி. பெரியவர் உங்களை மனமாரப் பாராட்டியிருக்கிறார். திருகோணமலையில் ஒரு சமையலுக்கு இதைவிடப் பெரிய சொல் கிடைப்பது அரிது.

கேள்வி மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் பிறந்து வளர்ந்து, எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறீர்கள். புகுந்த வீட்டில் முதன்முறையாக உங்கள் ஊர்ப் பக்குவத்தில், தேங்காய்ப்பால் விடாமல், புளி தூக்கலாக ஒரு மீன்குழம்பு வைத்தீர்கள். மாமனாரின் அண்ணன் இரண்டு கவளம் உண்டுவிட்டுத் தலையை ஒருமுறை ஆட்டி, “பிள்ளை, குழம்பு அந்த மாதிரி!” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். உங்களுக்கு முகம் வாடிவிட்டது. எந்த மாதிரி என்று சொல்லாமல் விட்டுவிட்டாரே, வாயில் வைக்கும்படி இல்லையா? அதுவும், அப்படி ஒரு சொல்லை மாமனார் முறையானவர் மருமகளிடம் சொல்லலாமா? இதுதான் உங்கள் கேள்வி.

இரண்டாவது வருத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் ‘அந்த மாதிரிப் படம்’ என்றால் ஒளிந்து பார்க்கிற படம். ‘அந்த மாதிரி இடம்’ என்றால் வீட்டில் பெயர் சொல்ல முடியாத இடம். வாய்விட்டுச் சொல்லக் கூசுவதை அங்கே அந்தச் சொல்லால் தொட்டும் தொடாமலும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இங்கே, சொல்லி அடங்காத நன்மையைக் காட்டுவதற்கு அதே சொல்லை எடுக்கிறோம். திருகோணமலையில் மட்டும் வழங்குகிற சொல் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வன்னியிலும் இதே பொருள்தான். இங்கிருந்து புலம்பெயர்ந்து டொரன்டோவிலும் லண்டனிலும் வாழ்கிறவர்கள் வீட்டிலும் இதைக் கேட்கலாம்.

இந்தப் பாராட்டு எப்படி வேலை செய்கிறது என்று அறிய, அதற்கு முன்னால் வருகிற கேள்வியைக் கவனிக்க வேண்டும். உங்கள் ஊரில் “எப்படி இருக்கிறது?” என்று கேட்கும் இடத்தில் நாங்கள் “என்ன மாதிரி?” என்று கேட்போம். சுகம் விசாரிப்பதற்கும் அதுதான், சோதனை எழுதிவிட்டு வந்த பிள்ளையிடம் கேட்பதும் அதுதான். இதற்குள் அந்தக் கேள்வி உங்கள் காதுக்குப் பழகியிருக்கும்.

உப்புவெளிக் கரையில் விடியற்காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலையின் இரண்டு கயிறுகளையும் பிடித்துக்கொண்டு ஆட்கள் இரு வரிசையாக, பின்பக்கமாக அடி வைத்து, மணலில் குதிகால் புதையப் புதைய இழுப்பார்கள். மீன் சேரும் பையான மடி கரைக்கு வரும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. காகங்களுக்கு மட்டும் கொஞ்சம் முந்தித் தெரிந்துவிடும். ஒருநாள் அப்படி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிய மீன் வியாபாரி ஒருவர் தெருவில் இருந்தபடியே, “அண்ணன், என்ன மாதிரி?” என்று குரல் கொடுத்தார். கயிற்றைப் பிடித்திருந்த முதியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை இரண்டும் கயிற்றில் இருந்ததால் மோவாயை மட்டும் மடிப் பக்கம் நீட்டி, “அந்த மாதிரி!” என்றார். சற்று நேரத்தில் மடியை அவிழ்த்தார்கள். கீரி மீன், மணல் ஒட்டிய வெள்ளி போல, ஒன்றன்மேல் ஒன்றாகத் துள்ளிக்கொண்டு கிடந்தது. வியாபாரி சைக்கிளை அப்படியே மணலில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். எத்தனை கிலோ, என்ன மீன், என்ன விலை என்று கேட்கக்கூட அவர் நிற்கவில்லை. அந்த ஒரு சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

‘என்ன மாதிரி?’ என்ற கேள்விக்கு ‘நல்லது’, ‘திறம்’, ‘பரவாயில்லை’ என்று பதில் சொல்லலாம். அவையெல்லாம் பண்புச் சொற்கள். ஒரு அளவைச் சொல்பவை. ‘அந்த மாதிரி’ அளவு எதையும் சொல்லவில்லை. ‘உனக்கும் எனக்கும் தெரிந்த அந்த உயர்ந்த நிலை ஒன்று இருக்கிறதே, அதைப் பார்’ என்று சுட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. மிச்சத்தைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவன். தொல்காப்பியம் அ, இ, உ என்ற மூன்றையும் சுட்டு என்கிறது. பின்னால் வந்த உரையாசிரியர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். எதிரில் இருக்கும் பொருளைக் காட்டாமல், முன்பே அறிந்த ஒன்றைச் சுட்டினால் ‘பண்டறிசுட்டு’ என்றார்கள். உலகமே அறிந்த ஒன்றைச் சுட்டினால் ‘உலகறிசுட்டு’ என்றார்கள். இந்த இரண்டாவதை வகுப்பில் விளங்கவைப்பது எப்போதும் கடினம். ஒருமுறை பின்வாங்கில் இருந்த பையன் ஒருவன் எழுந்தான். முதல்நாள் ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்த்துவிட்டு வந்தவன். “சேர், நேற்றைய ஆட்டம் அந்த மாதிரி என்று சொல்கிறோமே, அந்த ‘அந்த’ உலகறிசுட்டா?” என்று கேட்டான். நான் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். உரைகளில் தேடித் தேடி நான் எடுத்துக் காட்டிய எந்த உதாரணமும் அவ்வளவு பொருத்தமாக இருந்ததில்லை. அன்று முதல் ஓய்வு பெறும்வரை அதையே சொல்லிக் கொடுத்தேன்.

தமிழ்நாட்டுப் பொருளையும் எங்கள் பொருளையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ‘அந்த மாதிரிப் படம்’ என்று பெயருக்கு முன்னால் வந்தால் உங்கள் ஊரில் அது கூச்சத்துக்குரியது. இங்கேயும் அப்படி முன்னால் வைத்தால் சில வேளை முகம் சுளிப்பார்கள். ‘படம் அந்த மாதிரி’ என்று பெயருக்குப் பின்னால், வாக்கியத்தின் முடிவில் வந்து அதற்கு மேல் ஒன்றும் தொடராமல் நின்றால், அது பாராட்டு. உங்கள் பெரியவர் ‘குழம்பு அந்த மாதிரி’ என்றுதான் சொல்லியிருக்கிறார். வினைக்கு முன்னாலும் வரும். ‘பிள்ளை அந்த மாதிரிப் பாடினாள்’ என்றால் அந்தக் குழந்தை மிக நன்றாகப் பாடியது என்று பொருள்.

காதையும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். பாராட்டும்போது ‘அந்த’ என்பதில் அழுத்தம் விழும். மிக நன்றாக இருந்தால் ‘மா’ நீண்டுகொண்டு போகும். செய்யுளில் அளபெடை என்று படித்தோமே, அதை எங்கள் ஆட்கள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து செய்வார்கள். ‘மிகவும் அந்த மாதிரி’ என்று எவரும் சொல்வதில்லை. ‘நேற்றையதைவிட இன்றைக்கு அந்த மாதிரி’ என்று ஒப்பிடுவதும் இல்லை. கூட்ட வேண்டுமானால் ஓசையை நீட்டுவதுதான் ஒரே வழி. மறுத்தாலும் பாராட்டு மறைந்துவிடும்: ‘குழம்பு அந்த மாதிரி இல்லை’ என்றால், சுவையில்லை என்று பொருள் வராது, நீ சொல்கிற மாதிரி இல்லை என்ற வெறும் பொருள்தான் வரும். ‘அந்த மாதிரித்தான்’ என்று ‘தான்’ சேர்த்தாலும் அப்படியே, ‘அதைப் போலத்தான்’ என்று சாதாரணமாகிவிடும். பாராட்டாக நிற்கும்போது இந்தச் சொல் தன்னோடு வேறு எதையும் ஒட்டவிடாது.

மற்ற மாதிரிகளையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு குழப்பம் வரும். ‘ஆள் ஒரு மாதிரி’ என்றால் கவனமாகப் பழக வேண்டிய ஆள். ‘எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது’ என்றால் உடம்போ மனமோ சரியில்லை. ‘ஒரு மாதிரி முடித்துவிட்டோம்’ என்றால் பாடுபட்டு எப்படியோ முடித்தோம். ‘உந்த மாதிரி’ என்றும் கேட்பீர்கள். தமிழ்நாட்டுப் பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்ட உகரச் சுட்டு ஈழத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அது மிக வலுவாக இருக்கிறது. யாழ்ப்பாண வேர் உள்ள திருகோணமலைக் குடும்பங்களிலும் ஒலிக்கும். கேட்பவர் பக்கம் இருப்பதைக் காட்டுவது அது. ‘உந்த மாதிரிக் கதை கதைக்காதே’ என்றால், நீ பேசுகிற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான். ஆகவே ஒரே ‘மாதிரி’, முன்னால் நிற்கும் ஓரெழுத்தைப் பொறுத்துக் கண்டிப்பும் ஆகும், கொண்டாட்டமும் ஆகும்.

சுட்டு பலிக்க வேண்டுமென்றால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான உலகம் ஒன்று இருக்க வேண்டும். அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். திருச்சிக்குப் போயிருந்தபோது ஒரு சிறிய உணவு விடுதியில் காலைச் சாப்பாடு. நெய் மணக்க, ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று ஒரு தோசை வந்தது. பரிமாறிய தம்பியிடம், “தம்பி, தோசை அந்த மாதிரி!” என்றேன். அவர் நின்று, தோசையைப் பார்த்து, என்னைப் பார்த்து, “எந்த மாதிரி ஐயா? மாற்றிக் கொண்டுவரட்டுமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தவறே இல்லை. நான் சுட்டிய திசையில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. “மிக நன்றாக இருக்கிறது” என்று திருத்திச் சொன்னேன். முகம் மலர்ந்து இன்னொரு கரண்டி சட்னி விட்டார். உங்களுக்கு நேர்ந்ததும் இதுதான், திசைதான் மாறியிருக்கிறது.

இதன் உடன்பிறப்பு ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: ‘சொல்லி வேலையில்லை.’ இதில் ‘வேலை’ என்பது தொழில் இல்லை, பயன். சொல்லிப் பயனில்லை, அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பொருள். தம்பலகாமத்துப் பக்கம் எருமைத் தயிர் வாங்கியிருக்கிறீர்களா? மண்சட்டியில் உறையவைத்து, மேலே தாளால் மூடிக் கட்டி விற்பார்கள். தரம் காட்டுவதற்குக் கடைக்கார அம்மா ஒருவர் எனக்கு முன்னால் சட்டியைச் சரித்துப் பிடித்தார். தயிர் அசையவில்லை. மேலே படிந்திருந்த ஆடை மட்டும் ஒரு பக்கமாக லேசாகச் சுருங்கியது. “சொல்லி வேலையில்லை, ஐயா” என்றார். உண்மையாகவே அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

இதிலும் ஒரு பொறி உண்டு. ‘தயிர் சொல்லி வேலையில்லை’ என்றால் பாராட்டு. ‘அவனுக்குச் சொல்லி வேலையில்லை’ என்று நான்காம் வேற்றுமை சேர்ந்தால், புத்தி சொல்லியும் பயனில்லை என்ற சலிப்பு. ஒரு ‘கு’ உருபு மனிதனைத் தூக்கிக் கீழே போட்டுவிடும்.

எங்கள் சந்தையில் சிங்களம் பேசும் வியாபாரிகள் இதே கருத்தை ‘கியலா வெடக் நே’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள்: கியலா, சொல்லி, வெடக், ஒரு வேலை, நே, இல்லை. இரண்டு மொழிக்காரரும் மீன் தட்டுக்கு எதிரும் புதிருமாக நின்று ஒரே வாக்கியத்தைத் தங்கள் தங்கள் மொழியில் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். எங்கள் ஊரில் எத்தனையோ துயரம் நடந்திருக்கிறது. இருந்தும் நல்லதைப் புகழ்கிற முறை பொதுவாகவே இருந்துவந்திருக்கிறது.

ஏன் இப்படிச் சொல்லாமல் சொல்கிறோம்? எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நெடுநாளாக மனதில் இருக்கிறது. உங்கள் ஊரில் கண்ணேறு என்று அஞ்சுவதைப் போல இங்கே நாவூறுக்கும் அஞ்சுவார்கள். வாயால் புகழ்ந்தால் புகழ்ந்த பொருள் வாடும் என்ற பயம். என் அம்மம்மாவுக்கு முன்னால், பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். சொன்னவர் படலையைத் தாண்டும்வரை பொறுத்திருப்பார். பிறகு ஒரு பிடி உப்பும் மூன்று செத்தல் மிளகாயும் எடுத்து, என் தலையை மூன்றுமுறை சுற்றி, அடுப்பில் போடுவார். மிளகாய் வெடித்தும் நெடி வராவிட்டால், “பார்த்தாயா, எவ்வளவு நாவூறு!” என்பார். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் வீடுகளில் ஒன்றைப் புகழ்ந்தால் கூடவே ‘மாஷா அல்லாஹ்’ என்பார்கள். புகழ் இறைவனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், பொருளுக்குத் தீங்கு வராது. புகழ்ச்சியை இவ்வளவு கவனமாகக் கையாளுகிற மண்ணில், பண்புச் சொல் ஒன்றையும் உச்சரிக்காமல் முழுப் பாராட்டையும் கொடுத்துவிடுகிற ஒரு வழி மக்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ‘அந்த மாதிரி’ என்பதில் நாவூறு பற்றிக்கொள்வதற்கு ஒரு பிடி இல்லை.

எங்கே சொல்லக்கூடாது என்பதும் முக்கியம். மேடைப் பேச்சில், வாழ்த்து மடலில், கோயிற் பூசையைப் பற்றிப் பேசும்போது வேண்டாம். கோணேசர் கோயிலில் சுவாமி புறப்பாடு பார்த்துவிட்டு வந்து ‘அலங்காரம் அந்த மாதிரி’ என்று இளைஞர்கள் சொல்வார்கள்தான். மூத்தவர்கள் ‘கண்கொள்ளாக் காட்சி’ என்பார்கள். நீங்கள் மூத்தவர்கள் வழியைப் பின்பற்றுங்கள். ஒரு பெண்ணின் தோற்றத்தைப் பற்றிச் சொல்வதை நான் விரும்புவதில்லை. அங்கே பழைய சங்கடம் எட்டிப் பார்க்க இடமிருக்கிறது; ‘வடிவு’ என்ற அழகான சொல் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு? குரலை இழுத்து, கண்ணைச் சுருக்கி, கெட்டுப்போன வேலையைப் பார்த்து ‘அந்த மாதிரிச் செய்திருக்கிறாய்’ என்று குத்திக்காட்டுகிறவர்களும் உண்டு. அப்போது குரலில் மலர்ச்சி இருக்காது. அந்த வேறுபாடு உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னும் சில பாராட்டுகள் காதில் விழும். ‘திறம்’ என்றால் தரமானது. கடைத்தெருச் சொல், பொருளுக்கும் ஆளுக்கும் பொருந்தும். ‘வலு’ என்பது முன்னால் வந்து மிகுதியைக் காட்டும்: வலு திறம். ‘சோக்கு’ நெடுந்தூரம் பயணம் செய்து வந்த சொல். ஆசையைக் குறிக்கும் ‘ஷௌக்’ என்ற அரபுச் சொல் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. தமிழ்நாட்டில் ‘சோக்குப் பேர்வழி’ என்றால் பகட்டுக்காரர். இங்கே ‘சோக்காக இருக்கிறது’ என்றால் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். சிங்களத்திலும் ‘ஷோக்’ என்பது பாராட்டுத்தான்.

ஒரே தமிழ்தானே, இவ்வளவு குழப்பமா என்று சோர்ந்துவிடாதீர்கள். கிண்ணியாவுக்கு 2009 இல் பாலம் திறந்தார்கள். அதற்கு முன் ‘பாதையில்’ ஏறித்தான் அக்கரைக்குப் போவோம். பாதையில் எப்படி ஏறுவது என்று நீங்கள் கேட்பீர்கள். மனிதரையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்குக் கிழக்கு மாகாணத்தில் பாதை என்று பெயர். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர், பாதை வரும்வரை காத்திருங்கள் என்று சொன்னதைக் கேட்டுத் திகைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதத்தில் அவரே அடுத்தவருக்கு வழி சொன்னார்.

இனி, பாராட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நன்றி சொல்லத் தேவையில்லை; வீட்டுக்குள் நன்றி சொன்னால் எங்கள் பெரியவர்களுக்கு அந்நியமாகப் படும். அகப்பையை எடுத்து, “இன்னும் கொஞ்சம் விடட்டுமா, மாமா?” என்று கேளுங்கள். கையை நீட்டி மறைத்தாலும் சொன்ன பாராட்டு குறையாது. கோப்பையை நகர்த்தித் தந்தால் நிறைய விடுங்கள்.

உங்கள் பெரியவர் கேட்காமலே இரண்டாம் முறை குழம்பு வாங்கினார் என்றும், எழும்பும்போது “இரவுக்குப் புட்டோடு சாப்பிட எடுத்து வை, பிள்ளை” என்றார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை ஒப்புக்குச் சொன்னதாக எண்ணிவிட்டீர்கள். எடுத்து வைத்தீர்களா?